கூப்பிட முடியாத பெயர்

ஒரு வீட்டில் டைகர் என்றொரு நாய் இருந்தது. அந்த வீட்டில் பிறந்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள், கோதண்டராமன் என்று. வைத்ததோடு சரி. மாமனார் பெயரைச் சொல்லி மருமகள் கூப்பிடுவாளா? அப்பா பெயரைச் சொல்லி மகன்தான் அதட்டுவானா? ஆறு மாதம் குழந்தையை யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஒருநாள் மருமகள் கொல்லையைப் பார்த்து, "டைகர், சாப்பிட வா!" என்று கத்தினாள். குழந்தை திரும்பிச் சிரித்தது. அவ்வளவுதான், வீடே கைதட்டி அந்தப் பெயரைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டது.

அதன்பின் "டைகர்!" என்ற குரலுக்கு நாய் ஓடிவந்தால், "உன்னை யாரு கூப்பிட்டா? போ!" என்று விரட்டினார்கள்.

நாய் மதில்மேல் இருந்த பூனையிடம் போய் அழுதது. "என் பேரைப் பிடுங்கிட்டாங்கடி. இனிமே என்னைச் சோத்துக்கு எப்படிக் கூப்பிடுவாங்க?"

"கோதண்டராமன்னு ஒரு பேர் புத்தம்புதுசா சும்மாதானே கிடக்கு? அதை நீ எடுத்துக்கோ. அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தரும் உன்னைத் திட்ட முடியாது."

நாய் பதறிப்போனது. "ஐயோ, வேண்டாம்டி! திட்ட முடியாதவங்க சோத்துக்கு மட்டும் கூப்பிடுவாங்களா? மரியாதையாப் பட்டினி கிடக்க வேண்டியதுதான்!"