இடைவெளியில் நின்ற புகை

எங்கள் வரலாற்றுச் சங்கம், நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக நடந்த 1837 கிளர்ச்சியை நினைத்து, ஒவ்வொரு டிசம்பரிலும் மோர்னிங்சைட் பூங்காவில் குண்டில்லாமல் துப்பாக்கி சுடும். ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விடுவோம். அது அந்தக் கிளர்ச்சிக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களுக்கான இடம்.

பழைய துப்பாக்கியின் வேலை எளிமையானது. வெடிமருந்து சுற்றிய காகிதப் பொட்டலத்தைக் கிழித்துக் குழாயில் கொட்ட வேண்டும். விசையை இழுத்தால் கல் உரசிப் பொறி விழும், மருந்து வெடிக்கும். அந்தக் காலத்தவர்கள் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார்கள். எங்களுக்கு அது தடை, கையால்தான் கிழிப்போம். தன் துப்பாக்கி வெடிக்காததை அந்தச் சத்தத்தில் ஒருவர் கவனிக்காமல் மறுபடி மருந்து கொட்டினால், குழாய் பிளந்து கை போய்விடும். அதனால் பின்னால் நின்று புகைகளை எண்ணுவது என் பொறுப்பு.

இந்த முறை ஐந்து புகை எழுந்தது. “சரி, நிரப்புங்கோ” என்றேன்.

“பொறுங்கோ அண்ணை, என்ரை வெடிக்கேல்லை” என்றாள் வரிசையில் நின்ற பவித்திரா.

“பகிடி விடாதையும் பிள்ளை. அஞ்சும் எண்ணினனான்.”

“அப்ப வந்து பாருங்கோவன்.”

பார்த்தேன். அவள் துப்பாக்கியில் மருந்து அப்படியே இருந்தது.

காற்று நான்கு புகைகளைக் கொண்டுபோயிருந்தது. ஐந்தாவது, நாங்கள் விட்ட இடைவெளியில் தோள் உயரத்தில் நின்றது. அதன் கீழே, பனியில், ஒரு காகிதத் துண்டு கிடந்தது. எடுத்தேன். ஓரத்தில் பல் பதிந்திருந்தது. எச்சில் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.