பாசி மாத்திரை வேலை செய்யும் விதம்

"இதோ, சாட்சி பக்கத்துலயே நிக்கிறாரு!"

ராசா மண்டப மேடையில் தவமணி தன் கணவர் குணசேகரனைக் காட்டினாள். கூட்டம் கைதட்டியது.

ரந்தா ஊரில் ஸ்பைருலினா என்னும் பச்சைப் பாசி மாத்திரை விற்பவள் தவமணி. இனிப்பு நீர் நோயால் சோர்ந்து கிடந்த குணசேகரனுக்கு அவள் மாத்திரை கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களில் சர்க்கரை இறங்கிவிட்டது. தொந்தியும் காணாமல் போனது.

"எப்ப சாப்பிடுவீங்கண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"டெய்லி சாயந்திரம், நடக்கப் போறப்ப" என்று நெளிந்தார் குணசேகரன்.

அன்று கொண்டுபோன டப்பாக்கள் எல்லாமே விற்றுத் தீர்ந்தன.

மறுநாள் மாலை தவமணி கொடுத்த மாத்திரைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குணசேகரன் செம்பனைத் தோட்டத்தின் கடைசிவரை வேர்க்க விறுவிறுக்க நடந்தார். அங்கிருந்த குட்டையில் அத்தனையையும் வீசினார்.

முதல் நாள் ஒன்றை விழுங்கியபோதே அந்த வாடை அவர் குடலைப் புரட்டிவிட்டது. அப்புறம் வீட்டுக்குப் பின்னால் வீசிப் பார்த்தார். கோழிகள் தின்று, பச்சையாகக் கழிந்து, காட்டிக்கொடுக்கப் பார்த்தன. அதற்குப் பிறகு தினமும் இந்தக் குட்டைதான்.

பக்கத்து வீட்டு அர்ச்சுனன் அவர் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவன் கையிலும் பச்சை மாத்திரைகள்.

"நேத்து என் வீட்டுக்காரியும் வாங்கிட்டாண்ணே. இதை வீச இவ்வளவு தூரம் நடக்கணுமா?"

"நடக்கணும் லா, தம்பி" என்றார் குணசேகரன். "அப்பத்தான் இந்த மாத்திரை வேலை செய்யும்."