புதன் கிரகத்தில் ஒரு பள்ளம்

"உயிரோட இருக்கற அப்பாவைச் செத்துட்டார்னு சொல்லப் போறீங்களே, வாய் கூசாதா உங்களுக்கு?"

"மெதுவாப் பேசு. அந்த அம்மா வர்ற நேரம்," என்றான் கணவன்.

அவள் மாமனார் ஒரு காலத்தில் கவிஞர். முப்பது வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. எவனோ ஒரு புத்தகத்தில் 'மறைந்த கவிஞர்' என்று போட்டுவிட்டான். அதை நம்பி, புதன் கிரகத்தில் விண்கல் விழுந்து உண்டான பெரிய பள்ளம் ஒன்றுக்கு அவர் பேரை வைக்கப் போகிறார்கள். இறந்தவர் பேரைத்தான் வைக்கலாமாம். இறந்த தேதியைக் குறித்துக்கொள்ள வானாராய்ச்சி மையத்திலிருந்து இன்று ஆள் வருகிறது.

காலையிலிருந்து பின்னறைக் கதவு சாத்தியே கிடந்தது. அவள் போட்ட காபியைக்கூடக் கணவனே வாங்கி உள்ளே கொண்டுபோனான்.

"வயசான மனுஷனை அடைச்சு வச்சுத்தான் உங்களுக்குப் பெருமை வரணுமா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலைப் பார்த்தான்.

அதிகாரி அம்மாள் வந்தார். பாரத்தை விரித்தார்.

"ஐயா எப்போ தவறினாங்க?"

கணவன் பாரத்தையே பார்த்தான். "பதினோரு வருஷமாச்சுங்க. தேதி வந்து..."

பின்னறையில் இருமல்.

"உள்ளே யாரு?"

"தெரிஞ்ச பெரியவர். தங்கியிருக்கார்."

அவள் பின்னறைக் கதவைப் பார்த்தாள். நாளைக்கு விஷயம் வெளியே வந்தால்? இந்தப் பாவம் பிள்ளைகள் தலையில் விடிந்தால்?

"பொய்ங்க. அதுதான் என் மாமனார். நல்லா இருக்கார்."

அதிகாரி பேனாவை மூடினார்.

"நல்லவேளை சொன்னீங்க. பட்டியல்ல அடுத்த கவிஞர் பேரைப் போட்டுடறோம். ஐயா நூறு வயசு இருக்கட்டும்." பாரத்தை இரண்டாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கணவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். திட்டுவான் என்று பயந்தாள். திட்டவில்லை.

மாமனாரை முதலில் வெளியே விடுவோம் என்று ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. வெளித் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. உள்ளேதான் போட்டிருந்தது.

படபடவென்று தட்டினாள். மாமனார் திறந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. காது மந்தம் அவருக்கு. நடந்தது எதுவும் கேட்டிருக்கவில்லை.

"போயிட்டாங்களாம்மா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "நான் சொல்லிக் கொடுத்த தேதியைத்தானே அவன் சொன்னான்?"