தூத்துக்குடிக் கட்டு

“இதுதான் தூத்துக்குடித் தும்பு. பாருங்கோ, ஒரு பிசிராவது இருக்கோ?”

பூநகரித் தும்புக் கொட்டிலின் மனேஜர் குணசிங்கம் அந்தப் பனந்தும்புக் கட்டை, அங்கே தும்பு சீவும் பெண்களின் முன்னால் ஆட்டிக் காட்டினார்.

“சீமையிலை பிரஷ் செய்யிற கொம்பனிக்கு உங்கடை தும்பு இனி வேண்டாமாம். எல்லாம் தூத்துக்குடியிலையிருந்துதான் கப்பலேறப் போகுது. அரைக் கூலிக்குச் சம்மதமெண்டால் சொல்லுங்கோ. இல்லாட்டி அடுத்த மாசம் கொட்டிலைப் பூட்டிறம்.”

பெண்களுக்குள்ளிருந்து அன்னபாக்கியம் முன்னால் வந்தாள். விரல் வெடிக்க வெடிக்கச் சீவிய தும்பல்லவா?

“எங்கடை தும்பிலை என்ன குறை, ஐயா?”

“தும்பை விடும். இந்தக் கட்டு எவ்வளவு இறுக்கம், பாத்தீரோ? இதைப்போலை ஒருத்தியாவது கட்டிக் காட்டுங்கோ, பாப்பம்!” கட்டை அவிழ்த்துப் போட்டார்.

இரஞ்சிதம் கட்டிப் பார்த்தாள். முடிச்சு வேறு பக்கம் திரும்பியது. அடுத்து முயன்ற மூன்று பேருக்கும் அப்படியே. மனேஜர் கெக்கட்டமிட்டுச் சிரித்தார்.

அன்னபாக்கியம் தும்பை வாங்கினாள். ஒரே மூச்சில் கட்டி, அவருடைய மேசையில் வைத்தாள். இறுக்கம், முடிச்சு எல்லாம் அச்சொட்டாக அதேதான்.

“அட, ஒருக்காப் பாத்த உடனை பழகியிட்டீரே!”

“நான் பழகேல்லை ஐயா. நீங்கள் தூத்துக்குடியெண்டு காட்டினது, வெள்ளிக்கிழமை இந்தக் கொட்டிலிலை நான் கட்டிவைச்ச கட்டுத்தான். இடக்கைக்காரி கட்டினால் முடிச்சு இப்பிடித்தான் விழும்.”

மனேஜரின் சிரிப்பு நின்றது. அன்னபாக்கியம் தன் இடக்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இந்தக் கையும் தூத்துக்குடியோ, ஐயா?”