தாத்தா அறை பம்ப்

“தாத்தா, ஒரே மாசத்துல ரெண்டாவது தடவை. டாய்லெட்டுல கண்டதையும் போடாதன்னா கேக்கவே மாட்டியா?”

பிளஸ் டூ படிக்கும் தேவிப்பிரியா போட்ட சத்தத்தில், சாமான் பையோடு உள்ளே நுழைந்த பிளம்பர் வேம்புலிக்கே சங்கடமாகிவிட்டது. தாத்தா ஜம்புலிங்கம் கட்டிலில் உட்கார்ந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை அடைச்சா அப்பாகிட்ட சொல்லிக் கழட்டிடுவேன். வாக்கரைப் புடிச்சுகிட்டு தோட்டத்துப் பாத்ரூமுக்கே போ.”

அடுக்களை வரை கேட்கும்படி சொல்லிவிட்டு, புத்தகத்தோடு கூடத்துக்குப் போனாள்.

நசரத்பேட்டையில் அந்தப் பின்னறைக்கு டாய்லெட் போட்டதே வேம்புலிதான். கிழவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறை பள்ளத்தில், செப்டிக் டேங்க் தெருப் பக்கம் மேட்டில். தண்ணீர் தானாக இறங்கிப் போகக் குழாய்க்கு வாட்டம் வரவில்லை. அதனால் கோப்பைக்குப் பின்னால் அரவை பம்ப் ஒன்றைப் பொருத்தினான். எல்லாவற்றையும் கூழாக அரைத்து, ஒல்லிக் குழாயில் மேலே தள்ளிவிடும். துணி, பிளாஸ்டிக், முடி மட்டும் ஆகாது. அன்றைக்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

“இன்னா பெருசு, சொன்னா காதுல வாங்கறதே இல்லியா? நாறப்போறது உன் ரூம்தானே?”

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வயசானால் என்ன இப்படி ஒரு பிடிவாதம் என்று வேம்புலிக்கு எரிச்சல் வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்ப் மூடியைக் கழற்றினான். நாற்றம் குப்பென்று அடித்தது.

பிளேடைச் சுற்றி முடி. முழ நீள முடி, கொத்துக் கொத்தாக.

வேம்புலி நிமிர்ந்து கிழவரைப் பார்த்தான். சுத்தமான வழுக்கை.

ஜம்புலிங்கம் குரலை இறக்கினார். “மருமவளோடது. புத்துநோய்க்கு ஊசி போட்டுகினு கீது. தலையத் தொட்டா கையோட வருது. குப்பையில போட்டா, கொட்டப் போற பேத்தி பாத்துடும்னு இங்க வந்து போடுது. பரீட்சை முடியற வரைக்கும் பொண்ணுக்குத் தெரியக் கூடாது நைனா. துணி மாட்டிச்சுன்னு சொல்லிடு.”

“அதுக்கு நீ திட்டு வாங்கணுமா?”

“வாங்கிட்டுப் போறேன். எனக்கின்னா பரீட்சையா கீது?”

வேம்புலி பிளேடில் சுற்றியிருந்ததை முழுவதும் அள்ளினான். அள்ளிய முடியைக் கவரில் சுற்றிப் பையின் அடியில் போட்டான். பம்ப் பழையபடி ஓடியது.

தலையில் துண்டு சுற்றிய மருமகள் வசந்தா காபி கொண்டுவந்தாள்.

“இன்னா இருந்துச்சுப்பா?”

“துணிம்மா. பெருசு வேலைதான்,” என்றான், கூடத்துக்கும் கேட்கும்படி.

வெளியே வந்து வண்டியில் பையை மாட்டும்போது பின்னாலேயே தேவிப்பிரியா ஓடிவந்தாள்.

“அண்ணே, ஸ்பேனரை விட்டுட்டீங்க.”

கொடுத்தவள் போகவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது.

“எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரிய வேணாம்ணே. அவங்க காதுல விழணும்னுதான் தாத்தாவத் திட்டுறேன். முடியையும் சேத்து அரைக்கிற பம்ப் எங்கயாவது கிடைக்குமா?”