சமபங்கு

மாலை நேர லேப் டெக்னீசியன் வகுப்பின் முதல் செய்முறை, அவரவர் சிறுநீரை அவரவரே பரிசோதிப்பது. தணிகைவேலைத் தவிர மற்ற ஐந்து பேருக்கும் கூச்சத்தில் வரவேயில்லை.

"மச்சான், நீ வள்ளல்டா! எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்று ரியாஸ் குப்பியை நீட்டினான். இருபத்திரண்டு வயதுவரை எதிலும் முதலாவதாக வந்திராத தணிகைவேல், ஒரு சொட்டுச் சிந்தாமல், கோடு பார்த்து ஐவருக்கும் சமமாக ஊற்றிக் கொடுத்தான்.

குப்பிகளில் நனைத்த சோதனைப் பட்டைகள் ஆறும் ஒரே மாதிரி பழுப்பேறின. ஜெசிந்தா மேடத்தின் முகம் மாறியது.

"ஆறு பேருக்கும் இவ்வளவு சர்க்கரையா? உண்மையைச் சொல்லுங்கப்பா, இது யாரோடது?"

சிரித்துக்கொண்டிருந்த ஐவரும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தணிகைவேலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் அவசரமாகத் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.