கரகர செட்டு

பலகையில் ஒரே ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வால்வுக்காரர் பல்லைக் கடித்தார். யாருடையது என்று எண்ணைப் பார்க்கவே வேண்டாம், அவருடைய மச்சினனுடையதுதான்.

கப்பலை நிறுத்திப் பழுதுபார்க்கும் அந்தப் பெரிய குழிக்குள் இறங்குகிறவன், தன் பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் கழற்றிக்கொண்டு போக வேண்டும். பலகை காலியானால்தான் வால்வைத் திருப்பிக் கடல் தண்ணீரை உள்ளே விடலாம். அந்த வால்வுச் சக்கரம் அவர் கைக்கு வந்த நாளிலிருந்து குழியில் ஒருத்தன் கால்கூட நனைந்ததில்லை.

மச்சினனுக்கு மட்டும் இது மண்டையில் ஏறவில்லை. போன மாதம் இப்படித்தான் டோக்கனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். இவர் டார்ச்சும் கையுமாகக் கப்பலின் அடிவயிறு முழுக்க நாயாய் அலைந்து, தொண்டை வற்றக் கத்தி, கடைசியில் போன் போட்டால் அவன் பாதித் தூக்கத்தில் "என்ன மாமா?" என்றான். அன்றிலிருந்து எதிரில் வருகிறவன் எல்லாம் மச்சினன் கிடைச்சானா என்றுதான் இவரை விசாரிக்கிறான்.

இன்றைக்கும் சீக்கிரம் கிளம்பி அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவதாகக் காலையிலேயே சொல்லியிருந்தான். போன் போட்டுக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். போன மாதம் பட்ட அசிங்கமே போதும் என்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, டோக்கனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பலகை காலி.

இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கர்ர்ர் என்றது.

பழைய செட்டு. ஆள் தூரம் போகப் போக மழை பெய்கிற மாதிரி இரைச்சல் வரும், பேச்சு அதில் முங்கிப் போகும், அவ்வளவுதான். இது வேறு மாதிரி இருந்தது. காதோரம் மோட்டார் ஓடுகிற மாதிரிக் கரகரத்தது, நின்றது, மூச்சு வாங்கிக்கொண்டது போல மறுபடி கரகரத்தது.

"இன்னிக்குத்தான் சாகணுமா நீ?" என்று உள்ளங்கையால் அதைத் தட்டினார்.

எல்லாம் காலையில் வந்த ரேடியோ மெக்கானிக்கின் வேலையாக இருக்கும் என்று பட்டது. புதிதாக வாங்கிய டிஜிட்டல் செட்டுகளுக்குச் சேனல் ஏற்ற லேப்டாப்பும் ஒயருமாய் வந்திருந்தார். ஏற்றி முடித்த முதல் செட்டை, குழிக்கு அடியில் போய்ச் சோதித்துப் பார்க்கச் சொல்லி மச்சினன் கையில் கொடுத்தார். குமிழ் ஒன்றில் இருந்தால் அனலாக், பழைய செட்டுகளோடு பேசலாம். இரண்டில் வைத்தால் டிஜிட்டல், புதுசுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. அனுமதி ஒரே அலைவரிசைக்குத்தான் என்பதால் இரண்டும் அதிலேதான் போகும், பாஷைதான் வேறே என்றார்.

ஒரு பாஷையை எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு நாற்பது வயசாச்சு, இரண்டாவது வேண்டாம் சாமி என்று வால்வுக்காரர் கும்பிடு போட்டார். மச்சினன் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரிக் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தான்.

"இதுல துளி இரைச்சல் வராதாம் மாமா. நீங்க விடுற குறட்டைகூடச் சுத்தமாக் கேக்கும்."

மேஸ்திரி அவசரமாக வந்தார். கடல் ஏற்றம் வடிவதற்குள் கப்பல் மிதந்தாக வேண்டும், இன்னும் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று கடிந்துகொண்டார். அவர் கையிலிருந்த செட்டும் கரகரத்தது. அந்த மெக்கானிக் காலடி வைத்த நேரம், நல்லா இருந்ததெல்லாம் கெட்டுப்போச்சு என்று அலுத்துக்கொண்டே போனார்.

ஆனாலும் வால்வுக்காரர் முறையை விடவில்லை. குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். கப்பலின் வயிற்றுக்குக் கீழே இருட்டுத்தான் தெரிந்தது. செட்டை வாயருகே வைத்து, குழியில் யாராவது இருக்கிறீர்களா, தண்ணீர் விடப் போகிறேன் என்று கேட்டார். ஆள் குரல் எதுவும் வரவில்லை. எச்சரிக்கைச் சங்கை ஊதவிட்டார். அது அடங்கியதும், கரகரப்பு இடைவெளி இல்லாமல் வரத் தொடங்கியது.

எரிச்சலோடு சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினார். எங்கோ ஆழத்தில் தண்ணீர் உறுமிக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

சற்று நேரம் பார்த்தார். திடீரென்று நிறுத்தச் சொல்லி மேஸ்திரி கூப்பிட்டால் இந்தக் கரகரப்பில் காதில் விழாதே என்ற பயம் வந்தது. செட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். மெக்கானிக் அப்போதுதான் இரண்டாவது செட்டுக்குச் சேனல் ஏற்றி முடித்து ஒயரை உருவிக்கொண்டிருந்தார்.

"உங்க கை பட்டதுலேர்ந்து இப்படித்தான் கத்துது. கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்று சத்தத்தைக் கூட்டிக் காட்டினார்.

மெக்கானிக் காது கொடுத்தார். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. பழைய செட்டை அவர் தொடவே இல்லை. மேஜையிலிருந்த புதுச் செட்டை எடுத்து, குமிழை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பினார்.

துளி இரைச்சல் இல்லை. பல் தந்தியடிக்கும் ஓசைகூடச் சுத்தமாகக் கேட்டது.

"மாமா, கால் சிக்கிக்கிச்சு… தண்ணி இடுப்புக்கு வந்திருச்சு."